‘இது டாக்டர் ஹூவே இல்லை’: ஒரு சித்தப்பா வழக்கு

தம்பி, உங்கள் கேள்வி மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முகம் மாறி மாறிக் காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகத்தாரைப் பற்றிய பிரிட்டிஷ் டிவி தொடர் டாக்டர் ஹூ. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, அதன் புது சீசன் ‘தி ரோபாட் ரெவல்யூஷன்’ என்ற எபிசோடோடு தொடங்கியது. பள்ளத்தூர் வீட்டு வளவில் டிவியைச் சுற்றி உட்கார்ந்து குடும்பமாகப் பார்த்திருக்கிறீர்கள். கேசட் காலத்திலிருந்தே இந்தத் தொடரைப் பார்க்கிற சித்தப்பா, முடியும்வரை நெளிந்துகொண்டே இருந்துவிட்டு, “இது டாக்டர் ஹூவே இல்லை” என்று எழுந்து போய்விட்டார். உங்களுக்கும் தங்கைக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தங்கை தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா, “அந்தப் புள்ள கேட்டது ஞாயந்தானே” என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அன்றிலிருந்து கல்யாண வீடானாலும் படைப்பு வீடானாலும் இரண்டு கட்சி. யார் பக்கம் நியாயம், இந்தத் தொடரைப் பார்த்தே இராத ஒருவர் அந்த எபிசோடில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் சொன்ன காரணம் தப்பு. நீங்கள் இருவரும் ரசித்ததில் தப்பில்லை, ஆனால் கொஞ்சம் அவசரப்பட்டு மார்க் போட்டுவிட்டீர்கள். அப்பத்தா சொன்னதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் யார் இதைச் சொல்ல என்று சித்தப்பா கேட்பார். 80-களின் கடைசியில் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு வீடியோ லைப்ரரி நடத்தினேன். பெரிய கடை இல்லை, இரண்டு அலமாரி, ஒரு ஹெட் கிளீனர், ஒரு நோட்டு. பினாங்கிலிருந்து ஊருக்கு வருகிற உறவினர் ஒருவர் பெட்டியில் நாலைந்து கேசட் போட்டுக்கொண்டு வருவார். மலேசியாவும் பிரிட்டனும் நம்மைப் போலவே ‘PAL’ என்கிற கலர் டிவி முறை, அதனால் அந்தக் கேசட்டுகள் நம்முடைய விசிஆரில் கலரோடு ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்ததைப் போட்டால் படம் உருண்டுகொண்டே இருக்கும். டாக்டர் ஹூ என் கடைக்கு வந்ததற்கு அதுதான் காரணமே தவிர, என் ரசனை இல்லை. மூன்று கேசட் இருந்தது. அதில் ஒன்று டாம் பேக்கர் டாக்டராக நடித்த ‘தி ரோபாட்ஸ் ஆஃப் டெத்’. 1977-இல் ஒளிபரப்பான கதை, 1986-இல் கேசட்டாக வந்தது. பாலைவனக் கிரகம் ஒன்றில் மணலைத் தோண்டிக்கொண்டே நகரும் ராட்சத வண்டி, அதற்குள் வேலைக்கார ரோபாட்டுகள், ஒவ்வொருவராகச் செத்து விழும் மனிதர்கள். அந்த ரோபாட்டுகளின் முகத்தைப் பார்த்தால் 1930-களில் நம் பக்கம் கட்டிய சில வீடுகளின் மெத்தை முகப்பு ஞாபகம் வரும். அதே ஆர்ட் டெகோ வளைவுகள். ஊரிலேயே அந்தக் கேசட்டுக்குக் கிராக்கி அதிகம். ஒருவர் எடுத்துக்கொண்டு போனார், திரும்பி வரவேயில்லை. அதை விடுங்கள்.

இப்போது எபிசோடுக்கு வருவோம். பெலிண்டா சந்திரா லண்டனில் ஒரு நர்ஸ். கேரளத்தில் பிறந்த வரதா சேது நடித்தார். பதினேழு வருடம் முன்பு, ஆலன் என்ற காதலன் ஒரு நட்சத்திரத்துக்கு அவள் பெயரை வைத்துச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருக்கிறான். விளையாட்டுக்கு விற்கிற காகிதம்தான். ஆனால் அந்த நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்து ரோபாட்டுகள் அதை நிஜமாக எடுத்துக்கொண்டு, ஒரு ராத்திரி வந்து, “நீதான் எங்கள் ராணி” என்று அவளைத் தூக்கிக்கொண்டு போகின்றன. அங்கே ஆட்சி செய்வது ஏஐ ஜெனரேட்டர் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கடைசியில் பார்த்தால் அது ஏஐ இல்லை, அல். ஆலனின் சுருக்கப் பெயர். ஆங்கிலத்தில் பெரிய ‘ஐ’யும் சின்ன ‘எல்’லும் ஒரே குச்சியாகத் தெரிவதை வைத்து எழுத்தாளர் ரசல் டி டேவிஸ் செய்த குறும்பு. பழைய காதலனே இயந்திரத்தோடு சேர்ந்து சர்வாதிகாரியாக உட்கார்ந்திருக்கிறான். நடுவில் இன்னொன்று: அந்த ரோபாட்டுகளுக்கு ஒவ்வொரு ஒன்பதாவது வார்த்தையும் காதில் விழாது, அதை வைத்து டாக்டரும் பெலிண்டாவும் ரகசியம் பேசுகிறார்கள். நல்ல கற்பனை. தமிழில் அதை முயன்று பார்த்தேன், ஒன்பதாவது வார்த்தை வருவதற்குள் நம் வாக்கியம் முடிந்துவிடுகிறது.

இதில் சித்தப்பாவுக்கு எது பிடிக்கவில்லை? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நாலைந்து. ரோபாட்டுகள் பொம்மை மாதிரி இருக்கின்றன. அரசியல் பேசுகிறார்கள். டாக்டர் எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறார். எல்லாம் வேகமாக ஓடுகிறது. “எங்க காலத்து டாக்டர் ஹூ இப்படியா இருந்துச்சு?”

அவருடைய காலத்து டாக்டர் ஹூவுக்கு முந்தைய காலத்துக்காரர்களும் இதையேதான் கேட்டார்கள். இந்தத் தொடர் 1963 நவம்பர் 23-ஆம் தேதி பிபிசியில் தொடங்கியது, கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். செய்தியின் பரபரப்பில் பலர் பார்க்காமல் விட்டதால் அடுத்த வாரம் அதே எபிசோடை மறுபடி போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள். அந்த முதல் எபிசோடையே இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள். முதலில் எடுத்ததைப் பார்த்த சிட்னி நியூமன், தொடரை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், “சரியில்லை, திரும்ப எடு” என்று சொல்லிவிட்டார். ஆக டாக்டர் ஹூவின் முதல் எபிசோடு பிடிக்காமல் போன முதல் ஆளே அதை உருவாக்கியவர்தான். எடுத்தவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், அப்போது வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், 28-கூட நிரம்பவில்லை. பூச்சிக் கண் பூதமெல்லாம் என் தொடரில் கூடாது என்று நியூமன் சொல்லியிருந்தார். லாம்பர்ட் அதையும் மீறி அடுத்த கதையிலேயே உலோகக் கூட்டுக்குள் இருக்கும் டாலெக் என்ற வேற்றுக்கிரக வில்லன்களைக் கொண்டுவந்தார். தொடர் பிழைத்ததே டாலெக்குகளால்தான்.

1966 அக்டோபரில் இன்னும் பெரிய காரியம் செய்தார்கள். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியவில்லை. கதாநாயகனையே மாற்ற வேண்டும். ஹார்ட்னெல் தரையில் விழுகிறார், எழும்போது அது பாட்ரிக் ட்ரௌட்டன், வேறு முகம், வேறு வயது, வேறு குணம். இன்றைக்கு ரசிகர்கள் புனிதமாக நினைக்கிற ‘ரீஜெனரேஷன்’ (உருமாற்றம்) என்ற சொல்கூட அப்போது கிடையாது, 1974-இல்தான் முதலில் சொன்னார்கள். 1970-இல் அடுத்த டாக்டராக ஜான் பெர்ட்வீ வந்தபோது தொடர் கலருக்கு மாறியது, விண்வெளியெல்லாம் போகாமல் டாக்டரைப் பூமியிலேயே கட்டிப்போட்டார்கள். அந்த சீசனின் முதல் கதை ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’. கடை பொம்மைகள் உயிர் பெற்று நடக்கும். அதற்கு முந்தைய ஆறு வருடமும் பார்த்திருந்த ஒருவர் அதைப் பார்த்திருந்தால் கட்டாயம் “இது டாக்டர் ஹூவே இல்லை” என்றுதான் சொல்லியிருப்பார்.

1976-இல் வந்த ‘தி டெட்லி அசாசின்’ கதைதான் இதில் எனக்குப் பிடித்த உதாரணம். டாக்டரின் இனத்துக்குப் பன்னிரண்டு முறைதான் உருமாற முடியும் என்ற கணக்கு அதில்தான் முதலில் வந்தது. அன்றைய ரசிகர் சங்கத் தலைவர், டாக்டர் ஹூவின் மாயமெல்லாம் எங்கே போயிற்று என்று கடுமையாகத் திட்டி எழுதினார். பிறகு அதே கணக்கை ரசிகர்கள் சட்டம் மாதிரி பிடித்துக்கொண்டார்கள். 2013-இல் டாக்டர் அந்தக் கணக்கைத் தாண்டியபோது அதற்கும் சண்டை. 2020-இல் ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ வந்து, டாக்டரின் பிறப்பே நாம் நினைத்தது இல்லை, எங்கிருந்தோ கண்டெடுத்த குழந்தை என்று சொன்னதும் பாதிப் பேர் தொடரையே தலைமுழுகினார்கள்.

இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பக்குவமானவர்கள் என்று நினைக்கிறேன். காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழக மேடையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பன் அதை மாற்றி, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்க வைத்தார். இரணியன் கதைக்கு வால்மீகியில் தனியாக ஒரு படலம் கிடையாது, கம்பனில் இருக்கிறது. ஏன் மாற்றினார், மாற்றியதால் கதைக்கு என்ன கிடைத்தது என்று மூன்று மணி நேரம் வாதாடுவார்கள். “இது ராமாயணமே இல்லை” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனால் பட்டிமன்றம் எப்படி நடக்கும்? சித்தப்பா செய்தது அதைத்தான். மாற்றினார்கள் என்பது குற்றச்சாட்டே இல்லை. மாற்றி என்ன செய்தார்கள் என்பதுதான் வழக்கு.

இன்னொரு கதை சொல்கிறேன், சித்தப்பாவிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள். 1986 டிசம்பரில் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில் 16 வயது ரசிகப் பையன் ஒருவன், தொடரின் எழுத்தாளர்களிடமே, அந்த வருடக் கதை சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். பெயர் கிறிஸ் சிப்னால். 2018-இல் அவரே தொடரின் தலைமை எழுத்தாளர் ஆனார், ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ அவர் எழுதியதுதான். அப்புறம் ரசிகர்கள் அவரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை.

சரி, சித்தப்பாவின் காரணத்தை ஒதுக்கியாயிற்று. இப்போது உங்கள் கட்சி. நல்ல தொடக்கம் என்கிறீர்கள். சீசனின் முதல் எபிசோடு என்ன வேலை செய்ய வேண்டும் என்று பார்த்தால்தான் அது நல்லதா இல்லையா என்று சொல்ல முடியும்.

உங்கள் வீட்டு முகப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்காளியும் அங்கேதான் செருப்பைக் கழற்றுகிறார், வழி கேட்க வந்தவரும் அங்கேதான் உட்காருகிறார். பங்காளிக்கு வீடு தெரியும், நேராக வளவு தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போய்விடுவார். வந்தவர் நிலையில் உள்ள செதுக்கலைப் பார்த்து, திறந்திருக்கிற கதவு வழியாக உள்ளே வரிசையாகத் தெரிகிற வாசல்களைப் பார்த்து, இந்த வீடு எவ்வளவு தூரம் போகும் என்று யோசிக்க வேண்டும். அந்த யோசனையை உண்டாக்குவதுதான் முகப்பின் வேலை. (டாக்டரின் கால வண்டியான டார்டிஸ், வெளியே டெலிபோன் பெட்டி அளவு, உள்ளே முடிவில்லாத அறைகள். அதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வருகிற வீட்டில் பிறந்தவனிடமா?)

இதைச் சரியாகச் செய்தது 2005 மார்ச் 26-இல் வந்த ‘ரோஸ்’. 1989-இல் நின்றுபோன தொடர், நடுவில் 1996-இல் ஒரே ஒரு டிவி படம், மற்றபடி பதினாறு வருடம் ஒன்றுமில்லை. மறுபடி தொடங்கும்போது ரசல் டி டேவிஸ் என்ன செய்தார் தெரியுமா? டாக்டரின் பக்கமிருந்து கதையைச் சொல்லவே இல்லை. ஒரு துணிக்கடைப் பெண் வேலை முடிந்து கீழ்த்தளத்துக்குப் போகிறாள், பொம்மைகள் நடக்க ஆரம்பிக்கின்றன, யாரோ ஒருவன் கையைப் பிடித்து “ஓடு” என்கிறான். அவளுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். அந்தப் பொம்மைகள் 1970-இல் பெர்ட்வீயின் முதல் கதையில் வந்த அதே பொம்மைகள். பழைய ஆட்களுக்கு அது சொந்தக்காரர் முகம், புது ஆட்களுக்குப் புதுப் பயம். பிரிட்டனில் ஒரு கோடிக்கும் மேல் பார்த்தார்கள். அன்றைக்கும் குறை சொல்ல ஆள் இருந்தது, அதில் ஏப்பம் விடுகிற குப்பைத் தொட்டி ஒன்று வரும், அதை இன்றுவரை மன்னிக்காதவர்கள் இருக்கிறார்கள். நானும் மன்னிக்கவில்லை.

2010-இன் ‘தி எலெவன்த் ஹவர்’ இன்னும் ஒரு படி மேல். தோட்டத்தில் வந்து விழுந்த டாக்டரை ஒரு சின்னப் பெண் அடுப்படியில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் தின்னக் கொடுக்கிறாள். எதுவும் பிடிக்காமல் துப்பித் துப்பி, கடைசியில் மீன் வறுவலைக் கஸ்டர்டில் தோய்த்துத் தின்கிறார். புது முகத்துக்கு என்ன ருசி பிடிக்கும் என்று அவருக்கே தெரியாது, நமக்கும் தெரியாது, சேர்ந்து கண்டுபிடிக்கிறோம். ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போனவர் பன்னிரண்டு வருடம் கழித்து வருகிறார். அந்த சீசன் முழுக்க அந்தக் காத்திருப்பின் மேல்தான் நிற்கிறது.

2014-இல் ‘டீப் ப்ரெத்’ வேறு விதம். டாக்டராக இருந்த இளைஞர் மேட் ஸ்மித் போய், 56 வயது பீட்டர் கபால்டி வருகிறார். ரசிகர்கள் முணுமுணுப்பார்கள் என்று அப்போதைய தலைமை எழுத்தாளர் ஸ்டீவன் மொஃபாட்டுக்குத் தெரியும், அதனால் அந்த முணுமுணுப்பையே கதையாக்கினார். கூட வந்த கிளாராவே இவர் அவர் இல்லை என்று தவிக்கிறாள். கடைசியில் பழைய டாக்டரே போனில் வந்து, அவன் நான்தான், பயந்துபோயிருக்கிறான், பார்த்துக்கொள் என்கிற மாதிரி சொல்கிறார். உங்கள் சித்தப்பாவுக்கு யாராவது அப்படி ஒரு போன் போட்டிருக்கலாம்.

2018-இல் ஜோடி விட்டேக்கர் டாக்டராக வந்த முதல் எபிசோடு, டார்டிஸும் இல்லை, தொடக்க இசைத் தலைப்பும் இல்லை, வெறும் ஷெஃபீல்ட் ஊரும் நாலு சாதாரண மனிதர்களும். துணிச்சல்தான். 2024 மே மாதம் வந்த ‘ஸ்பேஸ் பேபீஸ்’ நேர் எதிர். டிஸ்னியோடு சேர்ந்து உலகத்துக்கே திறந்த சீசன் என்பதால், டார்டிஸ் என்றால் என்ன, என் இனம் என்ன ஆயிற்று என்று முதல் சில நிமிஷத்திலேயே கொட்டிவிட்டார்கள். முகப்பிலேயே நிறுத்தி வைத்து வீட்டுப் பத்திரத்தை வாசித்துக் காட்டின மாதிரி. பேசும் குழந்தைகளும் சளியால் ஆன பூதமும் அப்புறம்தான். அது சுமாரான தொடக்கம் என்பதில் உங்கள் வீட்டு இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன்.

அதனோடு வைத்துப் பார்த்தால் ‘தி ரோபாட் ரெவல்யூஷன்’ எவ்வளவோ மேல். யாரும் எதையும் பாடம் நடத்தவில்லை. பெலிண்டா ஓடிக்கொண்டே தெரிந்துகொள்கிறாள். குறையும் இருக்கிறது: டாக்டர் அந்தக் கிரகத்துக்கு ஆறு மாதம் முன்பே வந்துவிட்டார், அங்கே சாஷா என்ற தோழி அவருக்குக் கிடைத்திருக்கிறாள், அவள் நம் கண் முன்னால் செத்துப்போகிறாள். அந்த ஆறு மாதம் நமக்குக் காட்டப்படவே இல்லை. பழகாத ஆளின் சாவுக்கு டாக்டர் அழுதால் நமக்கு எப்படி அழுகை வரும்? சித்தப்பா “எதுக்கெடுத்தாலும் அழுறாரு” என்றது அந்த இடமாகத்தான் இருக்கும். அங்கே அவர் சொன்னது சரி. அழுகையில் குற்றமில்லை, அழுகைக்கு முன்னால் இருக்க வேண்டிய ஆறு மாதத்தைக் காணோம்.

ஆனால் இந்த எபிசோடை மற்ற தொடக்கங்களிலிருந்து தனியாக நிறுத்துவது ஒரே ஒரு காட்சி. ஆபத்து முடிந்து டார்டிஸுக்குள் வந்த பிறகு, டாக்டர் ஆர்வக்கோளாறில் பெலிண்டாவின் மரபணுவைச் சோதித்துப் பார்த்துவிடுகிறார். வருங்காலத்தில் தான் சந்தித்த ஒருத்தி இவளுடைய வம்சம் என்று கண்டுபிடித்து, பார்த்தாயா அதிசயத்தை என்று பூரிக்கிறார். (அந்த ஒருத்தியாக முந்தின சீசனில் நடித்ததும் வரதா சேதுதான்.) பெலிண்டா பூரிக்கவில்லை. என்னைக் கேட்காமல் எப்படிச் சோதித்தாய், நான் உன்னுடைய சாகசங்களில் ஒன்று இல்லை, நீ ஆபத்தானவன், என்னை வீட்டில் கொண்டுபோய் விடு என்கிறாள். அப்பத்தா சொன்னது இந்தக் காட்சியைத்தானே? நினைத்துப் பாருங்கள், அதற்கு முக்கால் மணி நேரம் முன்பு ஒருவன் அவளைக் கேட்காமல் நட்சத்திரத்துக்கு அவள் பெயரை வைத்தான். பிறகு ரோபாட்டுகள் அவளைக் கேட்காமல் ராணியாக்கின. இப்போது நல்லவரும் கேட்காமல்தான் செய்கிறார். ஆலனுக்கும் டாக்டருக்கும் நடுவில் கோடு எங்கே என்று அறுபது வருடத் தொடரின் நாயகனைப் பார்த்து ஒரு நர்ஸ் கேட்கிறாள். டாக்டர் என்றால் எல்லோரும் ஓடி ஏறிக்கொள்வார்கள் என்கிற வழக்கத்தை அது உடைத்தது. நீங்களும் தங்கையும் கைதட்டியதில் ஆச்சரியமே இல்லை.

கைதட்டலில்தான் அவசரம். முதல் எபிசோடு சொல்வது ஒரு வாக்கு. அது நல்ல வாக்கா என்று அன்றைக்கே சொல்லலாம், காப்பாற்றினார்களா என்று கடைசியில்தான் தெரியும். ஏழு வாரம் கழித்து, மே 31-ஆம் தேதி, எட்டாவதும் கடைசியுமான எபிசோடாக ‘தி ரியாலிட்டி வார்’ வந்தது. அதில் உலகமே மாற்றி எழுதப்பட்டு, பெலிண்டாவுக்குப் பாப்பி என்று ஒரு குழந்தை இருந்ததாகவும், அவள் முதலிலிருந்தே வீட்டுக்குப் போகத் துடித்தது அந்தக் குழந்தைக்காகத்தான் என்றும் ஆகிவிடுகிறது. வேலை பார்க்கிற, தனக்கென்று ஒரு வாழ்க்கை உள்ள பெண், “என்னைக் கேட்காமல் எப்படி?” என்று கேட்டவள், அவளைக் கேட்காமலேயே அம்மாவாக்கப்படுகிறாள். எழுத்தாளர் அதைச் சந்தோஷமான முடிவாகக் காட்டுகிறார். அம்மாவாவது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. முதல் எபிசோடு கேட்ட கேள்வியைக் கடைசி எபிசோடு மறந்துபோனது, அதுதான் குற்றம். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், உள்ளே போனால் ஓலைத் தட்டி.

ஏப்ரலில் சித்தப்பாவுக்கு இது தெரிந்திருக்க முடியாது, அதனால் அவருடைய கோபம் தற்செயலாகச் சரியான இடத்தில் விழுந்தது என்றுதான் சொல்வேன். உங்கள் கட்சியும் தோற்கவில்லை. அந்தக் காட்சி இப்போதும் அதே பலத்தோடு இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த எபிசோடின் முதுகெலும்பை முதல் தடவையிலேயே தொட்டவர் அப்பத்தா ஒருவர்தான். டாலெக் தெரியாது, 1963 தெரியாது, ஒப்பிட எதுவும் இல்லை. பழைய ரசிகர்களுக்கு, என்னையும் சேர்த்து, அந்த வசதி கிடையாது. நாங்கள் எபிசோடைப் பார்க்கும்போதே பக்கத்தில் இன்னொரு எபிசோடு ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது கேள்வி, புதிதாகத் தொடங்குகிறவர் இதில் தொடங்கலாமா? தொடங்கலாம், ஆனால் நான் அனுப்ப மாட்டேன். கடைசிக் காட்சியில் டார்டிஸ் 2025 மே 24-க்குப் போக முடியாமல் முட்டித் திரும்புகிறது, பூமியின் சிதைவுகள் விண்வெளியில் மிதக்கின்றன. அந்தக் கொக்கியில் மாட்டினால் எட்டையும் பார்க்க வேண்டும், பார்த்தால் மேலே சொன்ன முடிவில் போய் நிற்க வேண்டும். ‘ரோஸ்’ஸிலோ ‘தி எலெவன்த் ஹவர்’ரிலோ தொடங்கச் சொல்லுங்கள். 1963-இலிருந்து வரிசையாகப் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களைத் தடுத்துவிடுங்கள். 60-களின் எபிசோடுகளில் பலவற்றைப் பிபிசியே அழித்துவிட்டது, ஒலிதான் மிச்சம். டேப் விலை அதிகம் என்று அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். கேசட் கடை நடத்தியவனுக்கு இது நன்றாகப் புரியும். நானும் பழைய கேசட்டின் மேலேயே வேறு படம் ஏற்றி விற்றிருக்கிறேன்.

அப்பத்தாவுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். 2018 நவம்பரில் வந்த ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’, வினய் படேல் எழுதியது. ஒரு பேத்தி, பாட்டி சொல்லாமல் வைத்திருந்த இளவயதுக் கதையைத் தெரிந்துகொள்ள 1947 ஆகஸ்டுக்குப் போகிறாள். பிரிவினைக் கோடு ஒரு வயலின் நடுவே போகிறது. அண்ணன் தம்பிக்குள் வெட்டு. வேற்றுக்கிரகத்தார் வருகிறார்கள், ஆனால் கொல்வதற்கு வரவில்லை, யாருமில்லாமல் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வருகிறார்கள். 1942-இல் ரங்கூனை விட்டுக் காடு மலை வழியாக நடந்து ஊர் வந்து சேர்ந்தவர்களின் கதை கேட்காத செட்டிநாட்டு வீடு குறைவு. உங்கள் அப்பத்தாவும் அவருடைய அப்பச்சி சொல்லிக் கேட்டிருப்பார். தங்கையை மெதுவாக மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், நடுவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். இடைப்பலகார நேரத்தில் போட வேண்டாம், யாரும் சாப்பிட மாட்டார்கள்.

சித்தப்பாவோடு சமாதானத்துக்கு வழி வேண்டுமென்றால், ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’ஸையும் ‘ரோஸ்’ஸையும் ஒரே நாளில் போட்டுப் பாருங்கள், பொம்மைகள் இரண்டிலும் நடக்கும். அப்புறம் சண்டையை ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் ஒரே ஆதாரத்தை வைத்துப் பேசலாம். மே மாத முடிவில் டாக்டராக இருந்த நுச்சி கட்வா உருமாறி, 2005-இல் ரோஸாக நடித்த பில்லி பைப்பரின் முகத்தோடு நிற்கிறார். அது டாக்டர்தானா என்றுகூடச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அடுத்த சண்டைக்கு விறகு தயார்.

கடைசியாக ஒன்று. சித்தப்பா உங்களிடம் ‘தி ரோபாட்ஸ் ஆஃப் டெத்’ கதையைக் காட்சி காட்சியாக ஒப்பித்தார், அந்தக் கேசட் இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேசட் பெட்டியின் முதுகில் சிவப்பு மையில் ஒரு எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் கடை எண் 41. வாடகை ஒரு நாளைக்குப் பத்து ரூபாய்.